ஒரு பாட்டில் குளத்து நீர், ஐந்து எள், ஒரு துண்டு மரப்பட்டை: பாசிகளையும் பொய்ப்பூஞ்சைகளையும் வீட்டில் பார்ப்பது எப்படி

'பாசி' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம். கிணற்றுச் சுவரில் பச்சையாகப் படிவது பாசி, குளத்தில் காலைச் சுற்றும் கொடியும் பாசி, மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கிவிடுவதும் பாசி. அந்தக் கொடி பெரும்பாலும் ஹைட்ரில்லா போன்ற பூக்கும் செடி. மாடிப்படியில் கருத்துப் படிவது பல நேரம் நீலப்பச்சை பாக்டீரியா. 'பூஞ்சை' என்ற சொல்லும் இப்படித்தான். தொட்டி மீனின் மேல் பஞ்சு மாதிரி படர்வதும், வெற்றிலைக் கொடிக்காலை வாடவைப்பதும், அழுகிய மரத்தில் மஞ்சள் கூழாகப் பரவுவதும் உண்மையான பூஞ்சைகளே அல்ல.

இவற்றில் உட்கரு உள்ளவற்றை, செடியிலும் விலங்கிலும் பூஞ்சையிலும் சேர்க்க முடியாதவற்றை, புரோட்டிஸ்டுகள் என்கிறோம். 1866-இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தபோது அது ஒரே குடும்பம் போலத் தெரிந்தது. இன்று அது ஒரு வசதிக்கான பெயர் மட்டுமே. பச்சையாக இருப்பதெல்லாம் ஒரு வம்சமில்லை, இழையாக வளர்வதெல்லாம் ஒரு வம்சமில்லை. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. அதற்கு மூன்று சிறிய ஏற்பாடுகள் போதும்.

தேவையானவை

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கி போதும். 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்சும் 10 மடங்கு கண்ணருகு லென்சும் இருந்தால் 400 மடங்கு வரை பார்க்கலாம். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் வேண்டியதில்லை. ஒளியைக் குறைக்கும் ஐரிஸ் உதரவிதானம் கட்டாயம் இருக்க வேண்டும். நிறமில்லாத உயிர்களைப் பார்க்கும்போது அதைப் பாதிக்கு மேல் மூடினால்தான் விளிம்புகள் தெரியும். முழுவெளிச்சத்தில் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று ஸ்லைடைக் கழுவிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு.

இவை தவிர ஸ்லைடு, கவர்ஸ்லிப், இங்க் ஃபில்லர், 9 செ.மீ. பெட்ரி தட்டு நான்கு, அகன்ற வாய் பாட்டில்கள், மென்மையான தூரிகை ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல். ஆய்வகத்தில் லூகால் அயோடின் இருந்தால் இன்னும் நல்லது. அது 1 கிராம் அயோடினும் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 300 மி.லி. நீரில் கரைந்தது.

நுண்ணோக்கியில் அளவுகோல் இல்லையென்றால் கண்ணருகு லென்சில் பொறித்திருக்கும் புல எண்ணைப் பாருங்கள். 18 என்றிருந்தால், 10 மடங்கு லென்சில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 1.8 மி.மீ., 40 மடங்கில் 0.45 மி.மீ. வட்டத்தின் குறுக்கே ஒன்பது யூக்ளினா (நீந்தும் ஒற்றைச்செல் உயிர்) வரிசையாக நிற்குமளவுக்கு இடம் இருந்தால் ஒன்றின் நீளம் 50 மைக்ரோமீட்டர்.

நீர் எடுப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பாட்டிலை நடுக்குளத்து நீரால் நிரப்பினால் ஏமாற்றமே மிஞ்சும். உயிர்கள் எதையாவது ஒட்டியே இருக்கும். ஹைட்ரில்லாவையோ தாமரைத் தண்டையோ பாட்டிலுக்குள் பிழியுங்கள். அந்தப் பழுப்புச் சாறு ஒரு துளி, ஒரு வாளி நீருக்குச் சமம். கல்லின் மேலுள்ள பழுப்பு வழுவழுப்பைப் பழைய பல்துலக்கியால் சுரண்டினால் டயாட்டம் என்ற, கண்ணாடி ஓடுள்ள ஒற்றைச்செல் பாசி கிடைக்கும்.

பச்சை இழைகளை விரலால் தேய்த்துப் பாருங்கள். சளி போல வழுக்கினால் பெரும்பாலும் ஸ்பைரோகைரா அல்லது அதன் உறவினர். நூல் போலச் சொரசொரப்பாக இருந்தால் கிளாடோஃபோரா, பித்தோஃபோரா வகை. அடியில் வேரூன்றி, நொறுங்கும் தன்மையோடு, பூண்டு நாற்றம் அடித்தால் காரா. அதன் மேல் சுண்ணாம்பு படிந்திருப்பதால்தான் நொறுங்குகிறது. வெயிலேற ஏறக் குளத்தின் மேற்பரப்பு செங்கல் நிறமாக மாறினால் அது யூக்ளினா சங்குயினியா. நீர் முழுதும் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல இருந்தால் கை வைக்காதீர்கள். அது மைக்ரோசிஸ்டிஸாக இருக்கலாம். அது புரோட்டிஸ்ட் அல்ல, பாக்டீரியா. அதில் ஈரலைப் பாதிக்கும் நச்சு உண்டாகலாம், மாடுகளையும் அந்த நீரில் இறக்கக் கூடாது.

வற்றிவரும் குட்டையின் ஈர மண்ணையும் விடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் 1932-இல் விவரித்த ஃபிரிட்சியெல்லா அப்படிப்பட்ட மண்ணில் வாழும் பாசிதான். மண்ணுக்குள் ஒரு பகுதியும் மேலே எழும் ஒரு பகுதியுமாக வளர்வதால், நீரிலிருந்து நிலத்துக்கு ஏறுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாவரவியலாளர்கள் அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே காற்று வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றி, நேரடி வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். மூடிய பாட்டிலை வண்டிப் பெட்டியில் மதியம் வரை விட்டால் அழுகல் நாற்றம்தான் வீடு வந்து சேரும். இடம், தேதி, எதிலிருந்து எடுத்தது என மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை நீர் பட்டால் கரைந்துவிடும்.

ஒரு துளி அயோடின்

ஸ்லைடில் ஒரு சிறு துளி வைத்து, கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தொடவிட்டு மெதுவாகச் சாய்த்து மூடுங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கருப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது குமிழிதான், உயிரல்ல. இழைப்பாசியை அள்ளி வைக்காதீர்கள், ஐந்தாறு இழை போதும். எப்போதும் 4 மடங்கிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் உயிரோடு பாருங்கள். ஸ்பைரோகைராவில் பச்சை நாடா செல்லுக்குள் திருகாக ஓடும். நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1674-ஆம் ஆண்டுக் கடிதத்தில் பாம்பு போல் சுற்றிய பச்சைக் கோடுகள் என்று எழுதியது இதைத்தான். நாடாவில் மணி கோத்தது போல் இருப்பவை பைரினாய்டுகள், அவற்றைச் சுற்றித்தான் ஸ்டார்ச்சு சேரும். இரண்டு இழைகளுக்கு இடையே ஏணிப்படி போல் குழாய்கள் தெரிந்தால் அவை இணைவில், அதாவது பால்முறை இனப்பெருக்கத்தில் இருக்கின்றன. அந்த ஸ்லைடின் விளிம்பில் அவ்வப்போது ஒரு சொட்டு நீர் விட்டு, காயாமல் சில மணி நேரம் தொடர்ந்து பாருங்கள்.

யூக்ளினா நில்லாமல் ஓடும். கவர்ஸ்லிப் போடுமுன் பிரித்த பஞ்சின் நாலைந்து இழைகளைத் துளியில் போட்டால் அந்தக் கூண்டுக்குள் சிக்கி நிற்கும். அப்போது சிவப்புக் கண்புள்ளி தெரியும், உடல் சுருங்கி உப்புவதும் தெரியும். அதற்குச் செல்சுவர் இல்லாததால்தான் இந்த நெளிவு. உருண்டையான பச்சைப்பாசிக் கூட்டமான வால்வாக்ஸ் கிடைத்தால் கவர்ஸ்லிப் அதை நசுக்கிவிடும். குழிந்த ஸ்லைடு இல்லையென்றால் இரு ஓரங்களிலும் உடைந்த கவர்ஸ்லிப் துண்டு வைத்து அதன் மேல் மூடுங்கள்.

இனி அயோடின். போவிடோன் அயோடின் ஒரு சொட்டுக்கு ஐந்து சொட்டு நீர் கலந்து, அதில் ஒரு சொட்டைக் கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளைத் தொட்டு உறிஞ்சுங்கள். கரைசல் தானாக உள்ளே ஓடும். ஸ்பைரோகைராவின் மணிகள் ஓரிரு நிமிடத்தில் கருநீலமாகும். வால்வாக்ஸ், கிளாமிடோமோனாஸ், கிளாடோஃபோரா ஆகிய பச்சைப்பாசிகளிலும் ஸ்டார்ச்சு இருப்பதால் இப்படியே கருக்கும். யூக்ளினா எவ்வளவு பச்சையாக இருந்தாலும் கருநீலமாகாது, மஞ்சள்பழுப்பாகவே நிற்கும். அதன் சேமிப்பு பாராமைலான் என்ற வேறொரு மாவு. டயாட்டமும் கருக்காது. அதன் சேமிப்பு கிரைசோலாமினரினும் எண்ணெய்த் துளியும்.

இந்த ஒரு சோதனை, 'பச்சை' என்ற ஒரே சொல்லைக் கண்ணெதிரே உடைக்கிறது. ஸ்டார்ச்சு காட்டியவை நெல்லுக்கும் மாமரத்துக்கும் உறவு. யூக்ளினா அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, ஒரு பச்சைப்பாசியை விழுங்கித் தன் பசுங்கணிகமாக்கிக்கொண்ட வேறு பரம்பரையின் வாரிசு. நிறத்தை நம்பி வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

சாயம் பிடிக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பாசியை இருட்டில் வைத்திருந்தால் ஸ்டார்ச்சு தீர்ந்திருக்கும், அரைநாள் வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அயோடின் அடர்த்தி அதிகமானால் எல்லாமே பழுப்பாகி நீலம் மறைந்துவிடும், நீர் விட்டு வெளுக்க விடுங்கள்.

டயாட்டத்தின் கண்ணாடி ஓடு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் உள்ளிருப்பதை அகற்ற வேண்டும். படிவை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, சம அளவு 6% ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து ஒரு வாரம் விடுங்கள். புட்டியை இறுக மூடக் கூடாது, வாயு அழுத்தத்தில் வெடிக்கும். பிறகு மேல்நீரை வடித்து, காய்ச்சிவடித்த நீர் ஊற்றி, எட்டு மணி நேரம் படியவிட்டு மறுபடி வடியுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தபின் ஒரு துளியைக் கவர்ஸ்லிப்பில் உலர்த்தினால், பெட்டியும் மூடியும் போன்ற ஓட்டின் வரிகள் தெரியும். குழாய்நீரில் அலசினால் உப்புப் படிந்து எல்லாம் வீண்.

எள் போட்டுப் பிடிப்பது

தொட்டி மீனின் மேல் பஞ்சு மாதிரி படரும் நீர்ப்பூஞ்சைகளை வலை வீசிப் பிடிக்க முடியாது, இரை வைத்துப் பிடிக்க வேண்டும். ஆய்வகங்களில் ஹெம்ப் எனும் கஞ்சா இனத்துச் செடியின் விதை பயன்படுகிறது. நமக்கு எள்ளே போதும்.

பத்துப் பதினைந்து எள்ளைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். விதை செத்திருக்க வேண்டும், முளைத்தால் பயனில்லை. பெட்ரி தட்டில் 25 மி.லி. குளத்து நீரும் அரை டீஸ்பூன் கரைமண்ணும், மட்கிய இலைத்துண்டு ஒன்றும் போடுங்கள். அதில் ஐந்து எள்ளை மட்டும் இடுங்கள். செத்த ஈ கிடைத்தால் இன்னொரு தட்டில் அதையும் மிதக்கவிடுங்கள். வெயில் படாத இடத்தில், 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். கோடையில் அறையே 35 டிகிரி இருக்கும். அப்போது தட்டை மண்பானையை ஒட்டி, ஈரமணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்தால் சூடு தணியும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எள்ளைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போல இழைகள் நீட்டி நிற்கும். கருப்புத் தாளின் மேல் தட்டை வைத்துப் பாருங்கள், அப்போதுதான் தெரியும். உடனே அந்த எள்ளை ஊசிமுனையால் எடுத்து, கொதித்து ஆறிய குளத்து நீர் உள்ள சுத்தமான தட்டுக்கு மாற்றுங்கள். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய நீரில் பாக்டீரியா பெருகி, நீர் கலங்கி, இழைகள் கூழாகிவிடும். எள் அதிகம் போட்டாலும் இதே கதி. குழாய்நீரைப் பயன்படுத்தினால் குளோரின் இயங்குவித்துகளை, அதாவது நீந்தும் வித்துகளைக் கொன்றுவிடும். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், செம்பின் சுவடே இவற்றுக்கு நஞ்சு.

புதிய நீருக்கு மாற்றியபின் சில மணி நேரத்திலிருந்து மறுநாள் வரை அடிக்கடி பாருங்கள். இழையின் நுனி தடித்து, உள்ளே மணிமணியாகப் பிரிந்து, ஒரு குறுக்குச் சுவரால் அடைபடும். அதுதான் இயங்குவித்தகம். இழையின் மற்ற பகுதியில் குறுக்குச் சுவர் இருக்காது, ஒரே நீண்ட குழாய். ரொட்டியில் பூக்கும் பெனிசீலியத்தை ஒரு ஸ்லைடில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புரியும். அது மெல்லிய இழை, தடுப்புகள் வரிசையாக இருக்கும்.

நுனியில் ஒரு துளை திறக்கும் கணத்துக்குக் காத்திருங்கள். வித்துகள் வெளியே வந்து உடனே நீந்திச் சிதறினால் அது சப்ரோலெக்னியா. வாசலிலேயே தங்கி, பந்து போல் ஒட்டி நின்றால் ஆக்லியா. மறுநாள் பார்த்தால் சப்ரோலெக்னியாவின் காலியான உறைக்குள்ளேயே புதிய வித்தகம் வளர்ந்திருக்கும், பாம்புச் சட்டைக்குள் இன்னொரு பாம்பு நுழைந்தது போல. ஆக்லியாவிலோ புதிய கிளை பக்கவாட்டில் புறப்படும். இரண்டையும் பிரிக்க இதைவிட உறுதியான அடையாளம் தேவையில்லை. ஒரு வாரத்துக்குப் பின் உருண்டையான முட்டையறைகளும் அவற்றுக்குள் முட்டைகளும் உருவாகலாம்.

நீந்தும் வித்துகள் மீது அயோடின் விடுங்கள். அவை செத்து நிற்கும்போது, உதரவிதானத்தை நன்றாக மூடினால் இரண்டு கசையிழைகள் தெரியும். அவற்றில் ஒன்றின் மேல் நுண்ணிய முடி வரிசைகள் உண்டு. அதை மின்னணு நுண்ணோக்கிதான் காட்டும், ஆனால் உறவைச் சொல்வது அந்த முடிதான். டயாட்டத்தின் ஆண் செல் நீந்துவதும் அதே வகைக் கசையிழையால், மன்னார் வளைகுடாவின் பழுப்புக் கடற்பாசி சர்காசத்தின் நீந்தும் செல்லுக்கும் அதே அமைப்பு. நீர்ப்பூஞ்சையின் சுவரில் முதன்மையாக இருப்பது பூஞ்சையின் கைட்டின் அல்ல, செல்லுலோஸும் அதையொத்த குளுக்கான்களும். அதன் சேமிப்பு மைக்கோலாமினரின், டயாட்டத்தின் சேமிப்புக்கு நெருங்கிய சர்க்கரை. ஆக, உங்கள் பாட்டிலில் இருக்கும் பழுப்பு டயாட்டமும் தட்டில் இருக்கும் வெள்ளைப் பஞ்சும் பங்காளிகள். ஒன்று ஒளியில் உணவு செய்கிறது, மற்றொன்று அழுகலில் வாழ்கிறது.

விவசாயிக்கு இந்த உறவுமுறை வெறும் பாடமல்ல. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த ஃபைட்டோஃப்தோராவும், நாற்றங்காலில் தக்காளி நாற்றை அடித்தண்டில் அழுகவைக்கும் பித்தியமும் இந்தக் கூட்டமே. மிளகின் வாடலும் வெற்றிலையின் வாடலும் ஃபைட்டோஃப்தோராவால் வருபவை. 'பூஞ்சைக்கொல்லி' என்று கேட்டு வாங்கிய கார்பன்டாசிம் இவற்றிடம் பலிக்காது, அது தாக்கும் இடம் உண்மைப் பூஞ்சையில் இருப்பது போல் இவற்றில் இல்லை. போர்டோ கலவையோ மெட்டலாக்சிலோதான் வேலை செய்யும். 1% போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடியே ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். செந்நிறம் படிந்தால் செம்பு மிகுதி, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். வித்து நீந்தியே பரவுவதால், தேங்கும் நீரை வடிப்பது எந்த மருந்துக்கும் முந்தியது.

சோதனை முடிந்த தட்டு நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். மீன்தொட்டியிலோ வேறு குளத்திலோ ஊற்றக் கூடாது. காயம்பட்ட மீனில் சப்ரோலெக்னியா எளிதாகப் பற்றும்.

மரப்பட்டையில் சளிப்பூஞ்சை

அழுகிய மரத்தில் கூழாகப் பரவும் சளிப்பூஞ்சையைப் பார்க்கப் பொறுமை மட்டும் போதும். வேம்பு, புளி போன்ற சொரசொரப்பான மரத்தின் வெளிப்பட்டையில் தானாகப் பெயரும் செத்த செதில்களை எடுங்கள். உயிருள்ள பட்டையைக் கீறாதீர்கள். வழவழப்பான பட்டையில் நீரும் தங்காது, வித்துகளும் தங்காது. பெட்ரி தட்டில் வடிதாளோ வெள்ளை டிஷ்யூவோ விரித்து, பட்டைத் துண்டுகளை ஒரே அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, காய்ச்சிவடித்த நீரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

முதல் வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை முளைக்கும். தட்டு கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள், அது அடங்கும். இரண்டாம் நாள் முதல் தினமும் 10 மடங்குக் கைலென்சால் பாருங்கள். மிகச் சிறிய இனங்கள் சில நாட்களிலேயே வந்து போய்விடும், சில இனங்கள் இரண்டு மூன்று மாதம் கழித்தே வரும். தாள் காயத் தொடங்கினால் ஓரத்தில் சில சொட்டு நீர் விடுங்கள், பட்டை நீரில் மிதக்கக் கூடாது.

நரம்புகள் கிளைத்த மஞ்சள் அல்லது வெள்ளைக் கூழ் தெரிந்தால் தட்டை அப்படியே நுண்ணோக்கியின் 4 மடங்கு லென்சின் கீழ் வையுங்கள். நரம்புக்குள் துகள்கள் ஒரு பக்கமாக ஓடி, தயங்கி, நின்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஓடும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாறும். ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் கூடி நடத்தும் ஓட்டம் அது. பூஞ்சை செரிமான நீரை வெளியே விட்டு உறிஞ்சும். இதுவோ பாக்டீரியாவை அப்படியே விழுங்கும், ஏனென்றால் இது அமீபாவின் உறவு. உண்ண ஒரே ஒரு ஓட்ஸ் செதில் வைக்கலாம். நாலைந்து வைத்தால் பாக்டீரியா மூடிவிடும்.

உணவு தீர்ந்தபின் கூழ் குவிந்து, ஒரு மில்லிமீட்டர் உயரக் காம்புகளில் உருண்டைகளாக எழும்பும். உண்ணிகள் (மைட் எனும் மிகச் சிறு உயிர்கள்) அவற்றைத் தின்னத் தொடங்குமுன் ஈரத் தூரிகையால் உண்ணிகளை எடுத்துவிடுங்கள். உருண்டைகள் நிறம் மாறி நிலைத்த பின்பே மூடியைச் சற்றுத் திறந்து இரண்டு நாள் மெதுவாக உலரவிடுங்கள். அவசரமாக உலர்த்தினால் வித்து முதிராமல் சுருங்கிப்போகும். உலர்ந்த பட்டைத் துண்டை வெற்றுத் தீப்பெட்டியின் உள்தட்டில் பசையால் ஒட்டி, மரத்தின் பெயர், இடம், பட்டை எடுத்த நாள், நனைத்த நாள், காய்த்த நாள் ஐந்தையும் வெளியே எழுதி, பெட்டியை நாப்தலீன் உருண்டையோடு காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.